அக்காவின் பதினைந்து நாள் விடுப்பு

காய்ச்சலோடு என் மகள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்த காலத்தில் நாங்கள் குடியிருந்த சாந்தோம் ஓட்டு வீடு நினைவுக்கு வருகிறது.

ரெஜினா அக்கா சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்பா இல்லாத வீட்டை அவள்தான் தாங்கினாள். யுத்தத்தால் வேலை குவிந்ததில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவள் வருவதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே கார்பன் தாளின் வாசனையும் இருமலும் கூடவே வரும்.

"ஒரு நாளாச்சும் லீவு போடேன்டி" என்று அம்மா கெஞ்சுவாள்.

"இந்த ஃபைல் கட்டு முடியட்டும்மா."

ஒரு நாள் காலையில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அவள் போகக்கூடாதென்று செருப்பை விறகுக்குள் ஒளித்துவைத்தேன். அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். டைப் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். நிமோனியா என்றார் டாக்டர்.

அப்போதுதான் அக்கா லீவு கேட்டாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் லீவு லெட்டரை எழுதினேன்.

"தப்பில்லாம எழுதினியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"இன்னா எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"பதினைஞ்சு நாள் லீவு குடுத்திருக்காங்கம்மா."

அம்மா அதை மடித்து, இன்னும் எடுத்துவைக்காத அக்காவின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

இதை நான் மகளிடம் சொன்னதே இல்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பிக்கிறேன்.