அபாயச் சங்கும் அடைத்த மூக்கும்

ஆசிரியர் அறைத் தோழிகளே, இன்று நான் தாமதமாக வந்த கதை இதுதான். பலகையிலேயே ஒட்டிவிட்டேன், தலைமையாசிரியையும் படிக்கட்டும்.

நான்கு நாளாக எனக்கு நீர்க்கோவை. காலையில் சாந்தோமில் நடந்து வரும்போது விமானத் தாக்குதல் ஒத்திகைச் சங்கு ஊதியது. வார்டன் எங்களையெல்லாம் பதுங்குகுழிக்குள் தள்ளினார்.

உள்ளே ஒரு அம்மா கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. எனக்குத்தான் எந்த வாசனையும் தெரியாதே! பெருமையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் தலையைக் குனிங்க!" என்று வார்டன் கத்தினார்.

குனிந்தேன். புருவத்துக்கு மேலே ஆணி இறங்கியதுபோல் வலித்தது. நிமிர்ந்தேன். மறுபடியும் கத்தினார்.

"இன்னா டீச்சர், நீர் கோத்துகினு கீதா?" என்றார் அந்த அம்மா. "மூக்கோட போறதில்ல அது. நெத்தி எலும்புக்குள்ள ரொம்பிக்கும். அதான் குனிஞ்சா குத்துது. வூட்டுக்குப் போயி நொச்சித் தழை போட்டு ஆவி புடி. இப்பத்திக்கு இத்த மோந்துகினு இரு."

முந்தானையில் முடிந்திருந்த ஓமத்தைக் கசக்கி, துணியில் கட்டிக் கொடுத்தார்.

மோந்துகொண்டே இருந்தேன். கால் மணியில் மூக்கு பளிச்சென்று திறந்தது.

கூடை என் மடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

எழுந்தேன். "உட்காருங்கம்மா! மறுசங்கு ஊதுற வரைக்கும் யாரும் நகரக் கூடாது!" என்றார் வார்டன்.

"மூக்கு தொறந்துச்சா டீச்சர்?" என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார்.

"நல்லா தொறந்துடுச்சும்மா" என்றேன், வாயால் மூச்சு விட்டபடி.

அடுத்த ஒத்திகை வெள்ளிக்கிழமையாம். மூக்கை மறுபடி அடைக்க வைத்தியம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.