பதினேழாம் நிலை மந்திரவாதி

ஒரு மனிதரைச் சூனியக்காரர் என்று சொல்லி அறையைவிட்டு வெளியேற்றியவன் நான். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவனும் நான்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து அறையில் அவர் வாடகைக்கு இருந்தார். நாற்பது வயது, மெலிந்த தேகம், காதில் எப்போதும் ஒரு பென்சில். எழுதுவார், அழிப்பார், றப்பர் தூளை ஊதுவார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்கு, பதினேழாம் நிலை மந்திரவாதி என்ற பாத்திரத்தை, அதன் மந்திரங்களையும் எழுதி, உருவாக்குவதாகச் சொன்னார்.

"பாலைவனக் கதை, சேர். எல்லாரும் நெருப்பு மந்திரம் எடுப்பினம். நான் தண்ணி எடுத்தனான்."

சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

பிறகு என் மனைவி படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் எங்கள் வாசலில் ஒரு தாள் பறந்து வந்து கிடந்தது. 'உயிரை உறிஞ்சுதல், நாவை வறளச் செய்தல்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அன்று காலையிலிருந்து அவளுக்கு நா வறண்டபடி இருந்தது. தாளை எரித்தேன். வீட்டுக்காரரிடம் போய்ச் சூனியம் என்றேன். மூன்றாம் நாள் அவர் பெட்டியோடு வெளியேறினார். அவர் போன பிறகும் மனைவி தேறவில்லை, அடுத்த மாதம் போய்விட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அவரைத் தேடிப் பிடித்து, எழுதப் புதுக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, செய்ததைச் சொன்னேன்.

"ஒரு வருஷமாச் செய்தது, சேர். எரிக்க முதல் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"கடைசி வரியில என்ன இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. பயமுறுத்திய வரிகளோடு நிறுத்தியிருந்தேன்.

"தாகத்தில கிடக்கிற ஆளுக்குத் தண்ணி வரவழைக்கிறது," என்றார்.

கொப்பியை என்னிடமே திருப்பித் தந்தார். பென்சிலை மட்டும் காதில் செருகிக்கொண்டார்.