என்ஜின் கடையின் கணக்குத் தலைப்புகள்

குளச்சலில் என் கணவர் வள்ளங்களின் என்ஜினைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் ஒரு பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்தவர். உதிரிபாகங்களும் விற்றார். வரவு செலவெல்லாம் அவர் மனதில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். கடைக்கும் முறையாக ஒரு கணக்கு வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு அவரே கேட்டார். டயாலிசிஸுக்கு நாகர்கோவில் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் ஊசி ஏற்றி இயந்திரத்தை ஓடவிட்ட பிறகு, கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

பணம் எதனால் வந்தது, எதற்காகப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டாக்க வேண்டும். அதன் பிறகுதான் கணக்கே எழுத முடியும். உதிரிபாக விற்பனை என்று நான் ஒரே தலைப்பாகப் போட்டதை அவர் ஒப்பவில்லை. ஆயிலைத் தனியாகப் போடு, அதில் கிடைப்பது குறைவு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் எது கடையைத் தாங்குகிறது என்று உனக்குத் தெரியாது என்றார். அவர் எனக்குக் கடையைச் சொல்லித் தந்துகொண்டிருந்தார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. தட்டச்சு செய்வதில் கவனமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வரும் வண்டிக்கூலியும் மருந்துச் செலவும் கல்லாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. அவற்றை எந்தத் தலைப்பில் எழுதுவாய் என்று கேட்டார். அது கடைச் செலவில் சேராது, உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்தது என்று தனியாக எழுத வேண்டும் என்றேன். படிப்பில் வந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

“அப்போ கடையத் தின்னுகது நான்தான், இல்லியாடி?” என்றார்.

அவர் கோபப்படவில்லை. இயந்திரத்தில் சுற்றும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலதனக் கணக்கைக் கடைசியில் வைத்திருந்தேன். அதற்கு உரிமையாளர் பெயர் வேண்டும். அவர் பெயரைத் தட்டச்சு அடிக்க ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்தார்.

“என் பேரு போடாண்டாம். கடைய உன் பேருக்கு மாத்தணும். பொறவு நீ ஆபீஸ் ஆபீஸா அலையாண்டாம், கேட்டியா.”

அப்படிப் பேசாதீங்க என்றேன். அடுத்த கட்டிலில் இருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் என் பெயரை அடித்தேன். பட்டறையில் ஒரு நட்டுகூட முறுக்கத் தெரியாத நான், அவர் உயிரோடிருக்கும்போதே கடைக்கு உரிமையாளர் ஆனேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவரைக் கல்லறையில் வைத்தோம்.

கடையைத் திறந்தேன். வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்கள். பாவம் பார்த்து ஆயில் வாங்கினார்கள். என்ஜினை மட்டும் வேறெங்கோ கொண்டுபோனார்கள். சம்பளத்துக்கு வைத்த மெக்கானிக் கொஞ்ச நாளில் வெளிநாட்டு விசா கிடைத்துப் போய்விட்டார். பழுதுபார்த்த கூலி என்ற தலைப்பில் எழுத ஒன்றும் வரவில்லை. கடையைத் தாங்கியது அவருடைய கைதான். அதை அவர் சொல்லாமல் விட்டாரா, சொல்லியும் நான் கேட்க மறுத்தேனா, தெரியவில்லை. எங்கேயாவது தப்பு செய்திருப்பேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. தப்பு இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

சரக்கையெல்லாம் முட்டத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டு, தலைப்புகளை ஒவ்வொன்றாக நானே முடித்தேன். இப்போது பழையபடி ஆடிட்டர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து என் எதிரே உட்காருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்து அனுப்புகிறேன்.