சாய்ந்த தரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் நேராக ஓடியது.

இதில் என்ன அதிசயம், எல்லார் காரும் நேராகத்தானே ஓடுகிறது என்பீர்கள். இது ஷோரூமில் வாங்கிய கார் அல்ல. அந்தமானில், சௌல்தாரியில் என் வீட்டுக்குப் பின்னால், ஒரு ஷெட்டில், நானும் என் மச்சானும் வெல்டிங் வைத்துக் கட்டிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். பாக்குத் தோப்பு நடுவே போகும் சிமென்ட் பாதையில் ஓட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாமல் போனது.

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும் இல்லையா? நான் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனசே சரியில்லை. அந்த சீட்டில் உட்கார வேண்டியவன் நான் இல்லை.

மச்சான் என்றால், என் மனைவி கோமதியின் அண்ணன் குமரேசன். போர்ட் பிளேரில் அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவருக்கு ஒரே ஆசை... தரையோடு ஒட்டிப் போகிற கார் ஒன்றைத் தன் கையால் செய்து, ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். நொறுங்கிப்போன ஒரு வேனின் எஞ்சின், சதுரக் குழாயில் சேஸிஸ், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஷாக் அப்சார்பர் என்று வருஷக்கணக்கில் சேர்த்துக் கட்டினோம். இதற்கு யார் நம்பர் பிளேட் தருவார்கள்? அதனால்தான் தோப்புப் பாதை.

கார் முடிகிற நேரத்தில் மச்சான் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலியில் இருக்கும் மகன், அங்கே தனியாக இருந்தது போதும், வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். சாமான்களோடு கப்பலில் டிக்கெட் போட்டாயிற்று — ஒரேயடியாகப் போகிறார். அதற்குள் அவர் காரை ஓட்டிவிட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவர்.

பாக்கி இருந்தது கடைசி வேலை மட்டும்தான். காரின் உயரத்தை வைப்பது, சக்கரங்களை நேர் பார்ப்பது.

ஓட்டுகிற ஆள் உட்கார்ந்தால்தான் கார் தன் உண்மையான உயரத்துக்கு இறங்கும். மச்சானோ கீழே படுத்து அளந்துகொண்டிருக்கிறார். அதனால் அவர் எடைக்கு அரிசி மூட்டைகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டோம். ஷாக் அப்சார்பரில் இருக்கும் வளையத்தைத் திருகித் திருகி நான்கு மூலையிலும் உயரம் வைத்தோம். இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்று பார்த்தோம். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் செங்குத்தாக நிறுத்தினோம். மச்சான் திருப்தியாக எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

“முதல்ல நீங்க ஓட்டுங்க மாப்ளே. நான் வெளிய நின்னு சக்கரத்தப் பாக்குறேன். சரியா இருந்தா அப்புறம் நான் ஏறுறேன்.”

ஓட்டினேன். இடது பக்கம் இழுத்தது. லேசாக இல்லை — கொஞ்சம் அசந்திருந்தால் பாக்கு மரத்தில் போய் நின்றிருக்கும்.

திரும்ப ஷெட்டுக்குள். திரும்ப அரிசி மூட்டை, நரம்பு, குண்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதைக்குப் போனால் மறுபடி இடது. இப்படியே நாள் போனது. கோமதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“கோணலா ஓடினா என்னண்ணே? மெதுவா ஒரு நடை ஓட்டிட்டு இறங்குங்களேன்.”

“கோணலா ஓட்டவா இத்தன வருஷம் கட்டுனோம்?” என்றார் மச்சான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கப்பலுக்கு முந்தின நாள் அவர் ஷெட்டிலேயே கை கழுவினார். சோப்புத் தண்ணீர் காருக்கு அடியில் புகுந்து, வலது பக்கம் இருக்கும் சாக்கடையைப் பார்த்து ஓடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மாப்ளே... தண்ணி போற பக்கத்தப் பாத்தீங்களா?”

எங்கள் தீவில் சாய்வு வைக்காமல் யார் தரை போடுகிறார்கள்? பெய்கிற மழைக்கு, கொத்தனாரே கேட்காமல் வைத்துவிடுவார். அதிலேயே நின்று பழகிவிட்டதால் எங்கள் கண்ணுக்குச் சாய்வு தெரிவதில்லை. தூக்குக்குண்டு நேராகத்தான் தொங்கியது. கார்தான் சாய்ந்து நின்றிருந்தது. அந்த நிலையில் நிமிர்த்தி வைத்த சக்கரம், சமமான பாதைக்குப் போனால் சாய்ந்துதானே நிற்கும்? மெயின்லேண்டில் கார் கட்டுகிற எவனுக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

வலது சக்கரங்களுக்குக் கீழே பலகை அடுக்கிச் சமமாக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நேரம்?

“கப்பல் என்னைக்குச் சொன்ன நாள்ல கிளம்பிருக்கு?” என்றார் மச்சான். “கடல் வேற சரியில்ல. ரெண்டு நாளாவது தள்ளிப் போகும். ஆராம்சே பண்ணலாம், அவசரமே இல்ல.”

நானும் தலையாட்டினேன். கப்பல் தாமதத்துக்காகக் கல்யாணத் தேதியையே தள்ளி வைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள்.

அந்த வாரம் பார்த்துக் கப்பல் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் கிளம்பியது. நகக்கண்ணில் கிரீஸோடு மச்சான் ஏறினார். நாங்கள் கப்பல் துறையில் நின்று கையாட்டும்போதுகூட, மேலேயிருந்து “பலகைய நல்லா பாத்து வைங்க” என்றுதான் கத்தினார். கோமதி சொன்னபோதே ஒரு நடை ஓட்டியிருக்கலாம். கோணலாகவே ஓட்டியிருக்கலாம். இதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மிச்ச வேலையைத் தனியாக முடித்தேன். உயரத்தை அவர் எடைக்கே வைத்தேன்; மாற்ற மனசு வரவில்லை. நான் ஒல்லி. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன அரிசி மூட்டையையும் மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

“என்ன மாப்ளே, ஓட்டிப் பாத்தீங்களா? நேரா போகுதா?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

“இல்ல மச்சான். இன்னும் இடது பக்கம் இழுக்குது.”

“பலக வச்சுத்தான பாத்தீங்க?”

“வச்சுத்தான் பாத்தேன். எனக்குப் பிடிபடல. நீங்க வந்தாத்தான் சரிவரும்.”

அவர் குரலில் பழைய தெம்பு வந்தது.

“வேற யாரையும் கை வைக்க விடாதீங்க. மழ விடட்டும், டிக்கெட் பாக்குறேன்.”

கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இடது சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, ஒரு துளி வெளியே சாய்த்து, மறுபடி இறுக்கினேன். மச்சான் வந்து ஓட்டும்போது நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது, பாருங்கள்.