கழுகு வாங்கிய மானிட்டர்

கழுகு என்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் யாரும் இப்போது அவனோடு தொடர்பில் இல்லை. இருபது வயதில், தெருமுனை நெட் சென்டரில் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடிய கூட்டம் அது. எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து தொப்பியின் நுனியைக் காட்டினால் போதும், இவன் சுட்டு முடித்திருப்பான். அந்தக் கூட்டம் கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டது. பெயர் மட்டும் இவனிடம் தங்கிவிட்டது. அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயது வரை வந்துவிட்டான்.

அவன் வேலை பார்ப்பது குளிர்பானம் அடைக்கும் ஃபேக்டரியில். கடைகளிலிருந்து திரும்பி வந்த கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி பெல்ட்டில் அனுப்புவார்கள். பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சப் பலகை. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விரிசல் விட்டது, வாய் உடைந்தது, உள்ளே அழுக்கு ஒட்டியது எல்லாவற்றையும் ஓட்டத்திலேயே உருவி எடுக்க வேண்டும். கண் அசந்துவிடும் என்று அரை மணிக்கொரு முறை ஆள் மாற்றுவார்கள். இவன் மட்டும் முறை முடிந்தும் எழுந்திருக்க மாட்டான். அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவனைத் தாண்டி, போன வருஷம் விரிசல் பாட்டில்கள் போக ஆரம்பித்தன. லைட் சரியில்லை என்றான். சூப்பர்வைசர் புது லைட் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே இவனைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். "லைட்டு சரியில்லன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல," என்று வீட்டில் வந்து சொன்னான். லைட்டை மாற்றிக் கொடுத்த கதையை மட்டும் விழுங்கிவிட்டான்.

ஃபேக்டரி கைவிட்டாலும் விளையாட்டு இருந்தது. சாயங்காலம் முகம் கழுவி, ஹெட்போனை மாட்டினால் அவன் மறுபடி கழுகு. ஐந்து பேர் கொண்ட டீம். மற்ற நால்வரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், குரலாகத்தான் பழக்கம். அவர்களில் கேப்டன் என்று ஒருவன், இவனைவிட ரொம்ப இளையவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறொரு டீமோடு மேட்ச். வாரத்தில் இவன் தலை நிமிர்ந்து உட்காருவது அந்த ஒரு மதியம்தான். அதிலும் கொஞ்ச காலமாக முதல் ஆளாகச் செத்து விழுந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் கேப்டன் ஒருநாள். "பசங்க ஒரு மாதிரி பேசுறாங்க. எதிராளி கண்ணு முன்னாடி வந்து நிக்கிறான், அண்ணன் சுடவே மாட்டேங்குறாருன்னு."

"என் மானிட்டரைப் பாத்திருக்கியா நீ? கடையில பில் போடுற மானிட்டர். நொடிக்கு அறுபது படம்தான் காட்டும். நீங்கள்லாம் இருநூத்தி நாப்பதுல பாக்குறீங்க. அவன் வந்து சுட்டுட்டுப் போனப்புறம்தான் எனக்கு அவன் வந்ததே தெரியுது."

"அப்ப மாத்திருங்கண்ணே. அப்பவும் சரியா வரலன்னா பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். குடோனுக்கு அனுப்பும் முன் சூப்பர்வைசரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அன்று தொடங்கியது மானிட்டர் படலம். கல்யாணத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் சேர்த்து இந்த மனிதன் யோசித்தது ஒரு வாரம் இருக்கும். மானிட்டருக்கு மாதக்கணக்கில் யோசித்தான். சாப்பிடும்போது வீடியோ, பஸ்ஸில் வீடியோ, பல் தேய்க்கும்போதும் எவனோ ஒருவன் போனில் மானிட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். வளைந்ததா தட்டையா, ஜன்னல் வெளிச்சம் பட்டால் திரையில் முகம் தெரியுமா, கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்குமா என்று அக்குவேறு ஆணிவேறாக அலசினான். சனிக்கிழமைகளில் ஷோரூம். திரையில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தலையை நகர்த்திப் பார்ப்பான், எல்லாம் பாட்டில் பார்த்த பழக்கம். இவனைக் கண்டாலே சேல்ஸ்மேன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுவான்.

ஒருமுறை மனைவியையும் இழுத்துக்கொண்டு போனான்.

"இது கறுப்பா, சாம்பலா?"

"கறுப்புதான்."

"நல்லாப் பாரு. பக்கத்துல இருக்கறதோட சேத்துப் பாரு."

"பக்கத்துல இருக்கறதும் கறுப்புதாங்க."

கொரியர் ஆபீஸில் நாள் முழுக்க நின்றபடி பார்சல் பிரித்துப் போட்டுவிட்டு வந்தவள் அவள். எந்தக் கறுப்பாக இருந்தாலும் அவளுக்குச் சம்மதம். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும்.

கடைசியில் அந்தக் கடையில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்கிற மானிட்டரை வாங்கினான். அது உட்காரப் பெரிய மேஜை தேவைப்பட்டது. மேஜைக்காகப் படுக்கையறை பீரோ வெளியே போனது. பீரோவில் இருந்த அவள் துணியெல்லாம் கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்குள் போனது.

பெட்டியோடு வந்த கேபிள் குட்டை. மேஜைக்குப் பின்னால் சுவரோரமாக வளைத்துக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக எட்டவில்லை. பழைய மானிட்டரின் கேபிள் நீளமாக இருந்தது, அதையே சொருகினான். மானிட்டரைப் பற்றி அத்தனையும் கரைத்துக் குடித்தவன் கேபிளைப் பற்றி ஒரு வரி படித்திருக்கவில்லை. சொருகினான், படம் வந்தது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று விட்டுவிட்டான்.

மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தான். "எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பாரு. வெண்ணெய் மாதிரி. வித்தியாசம் தெரியுதா?"

"ஆமாங்க, நல்லாத் தெரியுது."

தெரிகிறது என்று சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பிக்கு அந்த விவரம் போதாது. டாக்ஸி ஓட்டுகிறவன், ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுவிட்டு அக்காவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவான். அவனையும் பிடித்து உட்கார வைத்துக் கேட்டான் கழுகு.

"பெருசா இருக்கு மாமா. கலர் நல்லா இருக்கு. ஆனா ஓட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. பழசு மாதிரியேதான் ஓடுது."

"கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும். நாள் பூரா ஹாரன் அடிக்கிறவனுக்கு என்னத்தத் தெரியும்."

மச்சினன் எழுந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு போனில்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு.

முதல் இரண்டு மேட்சும் நன்றாகத்தான் போயின. எதிரே ஆடியவை சொத்தை டீம்கள் என்று மற்ற நால்வருக்கும் தெரியும், அண்ணன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் மறுபடி மண்ணைக் கவ்வினான். நாலாவதிலும். "கொஞ்ச நாள் வெளிய இருந்து பாருங்கண்ணே, புதுப் பையன் ஒருத்தன் வந்திருக்கான்," என்று கேப்டன் சொன்னபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகும் சாயங்காலம் மானிட்டர் முன்னால்தான் உட்கார்ந்தான். ஆடவில்லை, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலேயே விலை கூடிய பொருள் எதிரே இருந்தது, அதன் மேல் பழி போட முடியாது. மிச்சம் இருந்தது அவன் கண்ணும் கையும்தான். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் பயந்துபோய் வேறொரு ஆட்டத்தைப் பார்க்கத் தாவினான். நாற்பத்திரண்டு வயதில் குடோன் வேலையைத் தவிரத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்க யாருக்குத்தான் பயம் வராது.

ஒருநாள் ஆபீஸ் லீவு போடுவதற்காக மனைவி அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். எழுத்து பொடியாக இருந்தது. பெரிதாக்கலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தாள்.

"ஏங்க, இருநூத்தி நாப்பதுன்னுதானே சொன்னீங்க? இதுல அறுபதுன்னு போட்டிருக்கே."

துண்டும் கையுமாக ஓடி வந்தான். அறுபதின் மேல் அழுத்தினான். அதைத் தாண்டி வேறு எண்ணே இல்லை. போனில் தேடிப் படித்தான். அந்தப் பழைய கேபிள் அதற்கு மேல் தாங்காது என்றிருந்தது.

வழுக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் அதே பழைய அறுபதுதான். கண் இல்லாதவன் என்று திட்டுவாங்கிப் போன மச்சினன் ஒருவன்தான் உள்ளதைச் சொன்னவன். வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் கூனிக் குறுகியிருப்பார்கள். இவனுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"அப்ப நான் இல்ல," என்றான். "கேபிள்தான்டி. நான் இல்ல." மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அவன் அவள் கையைப் பிடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளும் மனதாரச் சந்தோஷப்பட்டாள், அதுதான் கொடுமை.

"தம்பிக்கு ஒரு போன் போட்டுருங்களேன். அவன் சொன்னது சரின்னு ஒரு வார்த்தை."

"போடலாம், போடலாம். மொதல்ல கேப்டன்கிட்ட சொல்லணும்."

கேப்டன் கொஞ்சம் யோசித்தான். "சரிண்ணே, வர்ற ஞாயிறு ஒரே ஒரு மேட்ச். புதுப் பையனை வெளிய வெக்கிறேன். புது கேபிளைப் போட்டுட்டு வாங்க. இதுக்கப்புறம் என்னால பசங்ககிட்டப் பேச முடியாது."

மனைவிதான் கொரியர் ஆபீஸ் பக்கத்துக் கடையில் சொல்லிவைத்து நீளமான நல்ல கேபிளாக வாங்கி வந்தாள். சனிக்கிழமை காலை அவன் மேஜைக்கடியில் மல்லாந்து படுத்துக்கொள்ள, அவள் குனிந்து போன் டார்ச்சைப் பிடித்தாள். செட்டிங்ஸில் இருநூற்று நாற்பது வந்தது. மவுஸை ஒருமுறை அசைத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இதுவரை பார்த்தது எதுவும் வெண்ணெய் இல்லை என்று. "நாளைக்குப் பாரு," என்றான் அவளிடம்.

ஞாயிறு மதியம் மேட்ச் தொடங்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்தே திரை தெரியும்.

தூணுக்குப் பின்னாலிருந்து எதிராளி வந்தான். தொப்பி தெரிந்தது. தோள் தெரிந்தது. துப்பாக்கி தன் பக்கம் திரும்புவது துல்லியமாகத் தெரிந்தது. சுடு என்று நினைத்தான். நினைத்தது விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்திருந்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் எதிராளி தடுக்கி நின்றுகூடக் கொடுத்தான், அப்போதும் இவன் விரல் பின்னால்தான் வந்தது. முன்பெல்லாம் யார் வந்தார்கள் என்று தெரியாமல் செத்தான், அதில் ஒரு மானம் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே செத்தான். அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த மானிட்டர் அவன் விரல் எவ்வளவு தாமதம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் காட்டியது.

மேட்ச் முடிந்தது. ஹெட்போனிலிருந்து மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் கேப்டன்தான் கேட்டான்.

"அண்ணே, புது கேபிள் போட்டாச்சுல்ல?"

கழுகு மேஜைக்குப் பின்னால் போகும் புது கேபிளைப் பார்த்தான்.

"இல்லப்பா," என்றான். "கேபிள் இன்னும் வரல. பழசுலதான் ஆடினேன்."

"அப்படியா. சரிண்ணே. வந்ததும் சொல்லுங்க."

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அவள் பக்கம் திரும்பாமல் குனிந்து மேஜைக்கடியில் புகுந்து, புது கேபிளை உருவினான்.

"என்ன பண்றீங்க?"

"இந்தக் கேபிள் சரியில்ல. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். இப்போதைக்குப் பழசையே போடுறேன். டார்ச்சைக் கொஞ்சம் காட்டு."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா தம்பியை இழந்தோம் என்று இருந்தது. அதைவிட, இவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய் போனை எடுத்து வந்தாள். குனிந்து வெளிச்சம் காட்டினாள்.

"ஃபேக்டரியில லைட்டை மாத்திக் கொடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

அவன் மேஜைக்கடியில் இன்னும் உள்ளே நகர்ந்தான். பழைய கேபிளின் முனை துளையைச் சுற்றிச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தது, உள்ளே போகவில்லை.

"டார்ச்சை நேராப் பிடி," என்றான். "உன் கை ஆடுது."

அவள் கை ஆடவில்லை.