ஜாபர் மாமாவின் இடது காது

சேதி வந்தபோது என் காதில் புது இயர்போன் ஒன்று இருந்தது. கடையில் உட்கார்ந்தபடி, போன் பேச அது லாயக்கா என்று பார்க்க யாரைக் கூப்பிடலாம் என யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அழைப்பு தானாகவே வந்தது. ஜாபர் மாமாவின் அண்ணன். "தம்பி, ஜாபர் மவுத்தாயிட்டான். அஸர் தொழுகைக்குப் பெறகு எடுக்குறோம், வந்துருப்பா" என்றார். குரல் தெளிவாக இருக்கிறது, இரைச்சல் இல்லை என்று என் மனசு ஒரு கணம் மார்க் போட்டது. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன். எங்கே போய் விழுந்தது என்று இன்னும் தேடவில்லை.

எங்கள் இயர்போன் வீடியோக்களைப் பார்த்து வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. "மூஞ்சியக் காமிச்சா அய்யலூர்ச் சந்தையில ஒரு பய என்னைய மதிக்க மாட்டான்" என்று கடைசிவரை கேமரா முன்னால் வர மறுத்துவிட்டார். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இடது காதுதான். மடலில் மிளகளவு மச்சம் இருக்குமே, அந்தக் காது. என் மேசை போட்டிருந்த இடம் அப்படி, நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தே படம் எடுப்பேன். சந்தை மாமா என்று அவருக்குப் பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். திண்டுக்கல்லில் முஸ்லிம் வீட்டாரும் நாங்களும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். முதல் நாள், என் கடையில் வாங்கிய இயர்போனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதே நான் அவருக்கு மாப்ளயாகிவிட்டேன். "பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்குது மாப்ள. சாப்புடும்போது வெளிய வந்துருது" என்றார். சாப்பிடும்போது யார் மாமா இதை மாட்டச் சொன்னது என்று சிரித்தேன். அண்ணனின் பிரியாணிக் கடைக்கு ஆடு பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. "வெயிலு, வண்டி, சந்தை. நான் காதுக்குச் செத்த நேரம் ஒதுக்குறதே சாப்புடும்போதுதான்" என்றவர், எதிர்க்கடையில் இரண்டு புரோட்டா வாங்கி வந்து, என் முன்னாலேயே மென்று காட்டினார். நாலாவது வாயில் இடப்பக்கத்து இயர்போன் சால்னாவில் விழுந்தது. வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அதுவரை நான் வீட்டில் மின்விசிறியைக் கூட நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டு, பாஸ் இப்படி, குரல் அப்படி என்று பேசிக்கொண்டிருந்தவன். காதுக்கு அது சுகமா என்ற கேள்வி எனக்கு வந்ததே இல்லை. மாமா ஒரு ஜோடியை வாங்கிப் போனால் மூன்று நாள் திருப்பித் தர மாட்டார். வண்டியில் அய்யலூர் போவார், ஆட்டுச் சந்தைக்குள் வேர்க்க வேர்க்க நடப்பார், தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், முடிந்ததும் மறுபடி மாட்டுவார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ கழட்டி மாட்டுறோமோ, அம்புட்டுத் தடவையும் அது நம்மகிட்ட நல்லவனா நடந்துக்கணும்" என்பார். காதில் இருப்பதே மறந்துபோய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் ஒரு முறை. அந்த ஜோடி பாழாய்ப் போனது. அதற்குத்தான் அவர் பத்துக்குப் பத்து கொடுத்தார்.

இயர்போன் நுனியில் ஒரே அளவு ரப்பரை இரண்டு காதுக்கும் மாட்டாதீர்கள் என்று வீடியோவுக்கு வீடியோ நான் சொல்வது அவர் சொல்லிக் கொடுத்தது. "ரெண்டு காதும் கூடப் பொறந்ததுதான் மாப்ள, அதுக்காக ஒரே சட்டையா தைப்பாங்க" என்பார். அவருக்கு வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குச் சின்னது.

ஓசையைச் சோதிக்க அவர் பாட்டே போட மாட்டார். அய்யலூர்ச் சந்தையில் தன் போனில் அவரே பதிவு செய்த இரண்டு நிமிடச் சத்தம் ஒன்று இருந்தது. இடப்பக்கம் ஒரு தரகர் விலை பேசிக் கத்துவார். வலப்பக்கம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி விடாமல் கத்தும். நடுவில் ஜனம். தரகர் பேச்சு வார்த்தை வார்த்தையாகப் புரிய வேண்டும், குட்டியின் சத்தம் காதைக் கிழிக்கக் கூடாது, இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். பதிவு முடியும்போது நடுவிலிருந்து மாமாவின் குரலே வரும். "மாப்ள, ரெண்டு பக்கமும் கேக்குதா?" புதிதாகக் கேட்பவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு ஜோடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "தரகரு தள்ளிப் போயிட்டாரு மாப்ள." இடப்பக்கம் ஓசை கம்மி என்று அர்த்தம். நானும் கேட்டேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒருவேளை ரப்பர் சரியாக உட்காரவில்லையோ என்று விட்டுவிட்டேன். அடுத்த ஜோடிக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்ததற்கும். "தரகருக்கு வயசாயிருச்சு மாமா, தொண்டை போயிருச்சு" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். நாலாவது முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நல்ல ஜோடி அது. அவர் நாலு மார்க் போட்டார். இடப்பக்கம் பற்றி அவர் பேசியதை வெட்டிவிட்டு வீடியோவைப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பார்த்திருப்பார். அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களில் ஒருவர் அப்போது கீழே எழுதியிருந்தீர்கள்: "சந்தை மாமாவுக்கு மட்டும் ஏன் எல்லா இயர்போன்லயும் லெப்ட் கம்மியா கேக்குது?" நான் பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை, அழித்து என்ன ஆகப் போகிறது.

இதில் என்னை அறுப்பது எது தெரியுமா. ஒரு பக்கம் ஓசை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ முறை உங்களுக்குச் சொன்னவன் நான். இடதை வலக்காதிலும் வலதை இடக்காதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை இடம் மாறினால் இயர்போனில் கோளாறு. மாறாமல் அதே பக்கம் நின்றால் காதில் கோளாறு, டாக்டரிடம் போங்கள். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் சொல்லவில்லை. அத்தனை ஜோடியிலும் ஒரே குறை எப்படி வரும் என்று கூடத் தோன்றவில்லை. அந்தக் காதைத்தான் கேமரா வழியாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்று. ஒரு காது மட்டும் அடைத்துக்கொள்வது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி ரஹ்மத் அக்கா சொன்னார். அடைப்பு எத்தனை மாதமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டாராம். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பெருநாளிலிருந்து.

கதிர்ச் சிகிச்சை நடந்த நாட்களில் ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். வாய் வெந்திருந்ததால் மெதுவாகத்தான் பேசினார். நான் அழுதுகொண்டே, மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாமே மாமா என்றேன்.

"நீ என்னத்தச் சொல்றது. நானே மாத்திப் போட்டுப் பாத்தேன் மாப்ள. அந்த நாலு மார்க்கு வீடியோவ நீ வெட்டுனேல்ல, அன்னைக்கே."

"பெறகு ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ வேற காதத் தேடிப் போயிருவ. ஆட்டுச் சந்தையில என்னைய யாரு என்னத்தக் கேட்டா? உன் கடையிலதான், இது எப்படி இருக்கு மாமான்னு ஒருத்தன் கேட்டுப்புட்டு வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்."

அப்படியெல்லாம் போயிருக்க மாட்டேன் என்று சட்டெனச் சொல்லியிருக்க வேண்டும். போயிருப்பேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவரே என் கையைத் தட்டி, "விடு, தரகரு எங்க போயிரப் போறாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை நேரில் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது பேச முடியாமல் கையை மட்டும் அசைத்தார்.

பேகம்பூரில் அவர் வீட்டு வாசலில் சந்தைக்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணி காது வரை மூடியிருந்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வலப்பக்கமாகப் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கமிருந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. சின்ன அளவு ரப்பர் ஒன்று, அவர் இடக்காதிலிருந்து கழற்றியது. அப்புறம் அந்த இரண்டு நிமிடச் சத்தம். இனி வீடியோவில் காது காட்ட யார் வந்தாலும், இயர்போன் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் காது எப்படி என்று கேட்பேன். அவருக்குச் செய்யாததை ஊருக்குச் செய்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் கேட்பேன்.

நேற்று அந்தச் சத்தத்தைப் போட்டுக் கேட்டேன். தரகர் என் இடப்பக்கத்தில், தோளை உரசுகிற மாதிரி நின்று கத்துகிறார். குட்டி அதன் இடத்தில் கத்துகிறது. கடைசியில் நடுவிலிருந்து அவர் கேட்டார், ரெண்டு பக்கமும் கேக்குதா என்று. இத்தனை வருஷம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த மனுஷனிடம், உங்களுக்குக் கேக்குதா மாமா என்று நான் ஒரு தடவை திருப்பிக் கேட்டதில்லை.

கேக்குது மாமா. எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது.