மச்சி கொண்டுவந்த படப்பெட்டி

போர் முடிந்த வருடம். கிழக்குக் கரைக் கல்முனைக்குடியில் என் மச்சி, அதாவது என் கணவரின் தங்கை, ஹஜ் செய்துவிட்டு வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஹஜ்ஜுக்கென்று நான் வைத்திருந்த நகைகளைச் சுனாமி கொண்டுபோனது. அவள் வீடு கடலுக்கு எட்ட, மேற்கே இருந்ததால் தப்பியது. ஊர் அவளை 'ஹாஜியானி' என்று கூப்பிடும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஹஜ் செய்தவர் வீட்டுக்குப் போனால் பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் ஒரு மிடறும் தருவார்கள். எல்லோரும் முதல் நாளே போனார்கள். நான் நாலாம் நாள்தான் போனேன். அங்கே பெண்கள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு கண்ணிலும் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சி மக்காவில் வாங்கியதாம், உள்ளே கஃபாவின் படம்.

"நீங்களும் ஒருக்காப் பாருங்களன் மச்சி" என்று அவள் என்னிடம் நீட்டினாள்.

"எனக்குக் கண் தெரியாது புள்ள."

"நேத்து ஊசியில நூல் கோத்த கண்ணுக்கு கஃபா தெரியாதாமே!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் பிற்பகல் அசர் தொழ உள்ளே போனார்கள். கைகால் முகம் கழுவி ஒளூ எடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கி, பெட்டியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். சுவரில் மாட்டும் படம்போல் அது தட்டையாக இல்லை. சுற்றிவந்து தவாபு செய்கிறவர்களுக்கும் கஃபாவுக்கும் நடுவே நடந்துபோகலாம் போல இடம் இருந்தது. கறுப்புத் திரையின் மடிப்பு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. என்னை அறியாமல் தொடக் கையை நீட்டினேன். மேசையில் இருந்த ஸம்ஸம் ஜக் விழுந்து நொறுங்கியது.

மச்சிதான் முதலில் வந்தாள். நிலத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"தொடப் போனீங்களா?"

நான் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

"நானும் தொடல்ல மச்சி. அவ்வளவு சனம். தூரத்தில நிண்டுதான் கண்டன். கிட்டப் பாத்தது இந்தப் பெட்டிக்குள்ளதான்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஒண்டுமில்ல, என்ட கை பட்டு ஜக் உடஞ்சிட்டு!"

போன மாதம் மகள் என் தலையில் ஒரு தடித்த கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்புகிறது. மெய்நிகர் என்று பெயராம். இல்லாத இடத்தில் இருப்பதாக மனதை நம்பவைப்பதாம். புதுசும் இல்லையாம். நூற்றெண்பது வருடத்துக்கு முன்பே, ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட இரண்டு படங்களாக்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படமாகக் காட்டினார்களாம் வெள்ளைக்காரர்கள். மனம் இரண்டையும் சேர்த்து ஆழம் காணுமாம். மச்சியின் பெட்டியும் அந்த வம்சம்தான்.

எனக்கு இன்னும் ஹஜ் கிடைக்கவில்லை, அந்தப் பொறாமையும் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஹஜ் செய்து பாவமெல்லாம் கழுவி வந்த நாலாம் நாளே எனக்காக ஒரு பொய்யைத் தலையில் ஏற்றுக்கொண்டாளே, அந்த மனதின் மேல்தான் இப்போது எனக்கு அதைவிடப் பெரிய பொறாமை.